கொடி போய்ச் சேர்ந்த கை

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் கையெழுத்தும் மளிகைச் சாமான் பெயரும்தான். மறதி வேறு வந்துவிட்டது. காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்று அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஒன்று முன்னே பின்னே இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அங்கே அதிகாரியாக வந்திருப்பவர் ஒரு பெண். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். பக்கத்து மைதானத்தில் படையில் சேரப் பெண்பிள்ளைகள் ஓடிப் பழகுகிறார்கள். என் ஓய்வூதிய விஷயமாகப் போயிருந்தபோது, மேடம் என்னை அந்தப் பிள்ளைகள் நடுவில் உட்கார வைத்துவிட்டார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் கேட்டாள்:

"பாட்டி, செத்துப்போனா கொடி போர்த்திக் கொண்டாறாங்கல்ல, அந்தக் கொடிய யாருக்குக் குடுப்பாங்க? கல்யாணம் ஆகலன்னா?"

"வீட்டுக்குத்தாண்டி" என்றாள் இன்னொருத்தி.

"எங்க வீட்டுக்குக் குடுத்தா எங்க அண்ணன் அதையும் கொண்டுபோய் பைக் லோனுக்கு அடமானம் வெப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்ட பெண் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். என்னால் அங்கே சொல்ல முடியவில்லை. "எழுதிக் கொடுங்கம்மா, நாங்க பிள்ளைங்களுக்குப் படிக்கக் கொடுக்கிறோம்" என்றார் மேடம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சிப்பாய். வடக்கே மலைப்பாதையில் வண்டி உருண்டதில் போய்விட்டார். பூதலூர் பக்கம் எங்கள் ஊருக்கு அவர் உடல் இருந்த பெட்டி வந்தபோது என்னைக் கொல்லைப்பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள், சுடுகாட்டுக்குப் போவதில்லை. கொடியைச் சுடுகாட்டில் வைத்து என் கொழுந்தனார் கையில் கொடுத்தார்களாம். அதை அவர் பீரோவில் வைத்துப் பூட்டினார். நல்ல மனுஷர்தான். பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை, அவராக எடுத்துக் காட்டியதும் இல்லை.

அப்புறம் எனக்கு இந்த வேலை கிடைத்தது. முதலில் கூட்டிப் பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது. கொஞ்ச வருஷம் கழித்து அலுவலக உதவியாளர் ஆக்கினார்கள். அதிலெல்லாம் சொல்ல ஒன்றும் இல்லை. சுபேதார் ஐயா எங்கள் அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் என் வேலை வேறு மாதிரி ஆனது.

அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் அமைப்பாளராக வந்தவர். குரலே எழும்பாது. சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். மாவட்டத்தில் எந்த ஊருக்குச் சிப்பாயின் பெட்டி வந்தாலும் அலுவலகத்தின் சார்பில் மலர்வளையத்தோடு போவது அவர் வேலை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "சரோஜாம்மா, நீங்களும் வாங்க. அங்க பொம்பளைங்ககிட்ட நான் எப்படிப் பேசறது?" என்றார். நான் தயங்கினேன். "பேச வேணாம். பக்கத்துல உக்காருங்க போதும். அடுத்து என்ன நடக்கும்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

அதுதான் என் வேலை ஆனது. இறந்தவனின் பெண்டாட்டி யாரோ, இல்லை அம்மா யாரோ, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். "இப்ப பெட்டிய இறக்குவாங்க, பூட்ஸ் சத்தம் கேக்கும். இப்ப எல்லாரும் மாலை போடுவாங்க. நீங்க தண்ணி குடிங்க. கொஞ்ச நேரத்துல துப்பாக்கி சுடுவாங்க, மேல பாத்துத்தான் சுடுவாங்க, பயப்படாதீங்க." இவ்வளவுதான். ஆறுதல் ஒன்றும் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்து என்ன என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் கொஞ்சம் மூச்சு விட முடியும். என் விஷயத்தில் யாரும் சொல்லவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் இன்னும் யாரையோ சுட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

போகிற அன்று ஐயா செய்கிறதெல்லாம் ஒரே வரிசையாக இருக்கும். கீழவீதிப் பக்கம் பூக்கடையில் மலர்வளையம் சொல்லிவைப்பார். சாமந்தி கூடாது, வெயிலில் உதிரும் என்பார். வளையத்தை நிறுத்திவைக்கும் கம்பியை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். பையில் கத்தரிக்கோல், நூல்கண்டு, இரண்டு பாட்டில் தண்ணீர். தன் பூட்ஸைத் தானே துடைத்துக்கொள்வார். சாவு வீட்டில் காபி தொட மாட்டார்.

கொடி விஷயத்தில்தான் ரொம்பக் கவனம். காவி நிறம் தலைமாட்டில் வர வேண்டும். பெட்டியோடு கொடியை எரிக்கவோ புதைக்கவோ கூடாது, முன்னாலேயே எடுத்து மடிக்க வேண்டும். காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போய், நடுவில் சக்கரம் மேலே தெரிகிற மாதிரி மடித்து, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கொடுக்க வேண்டும், இடுக்கிக்கொண்டு போகக் கூடாது. மடிப்பது ஜவான்கள்தான். பக்கத்து முகாமிலிருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் வடக்கத்திப் பையன்கள். நம்மூரில் வாய்க்கரிசி போடுவது அவர்களுக்குத் தெரியாது. கொடி போர்த்தியிருப்பதையும் பார்க்காமல் சொந்தக்காரர்கள் வந்து அரிசியை மேலே போட்டுவிடுவார்கள். மடிப்பதற்கு முன்னால் ஐயா குனிந்து ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்குவார். உதற மாட்டார். நானும் கூடப் பொறுக்குவேன். வெயிலில் ஜவான்கள் விறைத்து நிற்க, நாங்கள் இரண்டு பேரும் அரிசி பொறுக்கிக்கொண்டிருப்போம்.

அவர் செய்த இன்னொரு காரியம் உண்டு. எனக்குக் கொடி கிடைக்காத கதையை எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அடுத்த தடவையிலிருந்து ஜவான்களோடு வரும் அதிகாரியிடம் தனியாகப் போய்ப் பேசுவார். "சார், எங்க ஊர்ல பொம்பளைங்க தெருமுனை வரைக்கும்தான் வருவாங்க. கொடிய அங்கயே எடுத்துக் குடுத்துடலாம். துப்பாக்கி மரியாதைய சுடுகாட்டுல வெச்சுக்கலாம்." பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அப்படித்தான் எங்கள் பக்கத்தில் பெண்டாட்டிமார்கள் கையிலும் தாய்மார்கள் கையிலும் கொடி வர ஆரம்பித்தது. திரும்பி வரும்போது ஜீப்பில் ஏறியதும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"சரியான கைக்குப் போச்சா, சரோஜாம்மா?"

"போச்சுங்க ஐயா."

"சரி." அதோடு ஊர் வந்து சேரும் வரை பேச மாட்டார்.

இனிமேல் சொல்வதுதான் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில். பெயர்களை மாற்றி எழுதுகிறேன்.

வலங்கைமான் பக்கத்து ஊர். அஞ்சம்மாள் என்று நடவு வேலை செய்யும் அம்மா. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே பெண், வளர்மதி. நர்சுக்குப் படித்து ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். சேரும்போது "பொட்டப்புள்ளைய பட்டாளத்துக்கு அனுப்பறாளே" என்று ஊரே பேசியதாம். ராணுவ நர்சு என்றால் அதிகாரிதான், தோளில் நட்சத்திரம் வைத்த சட்டை. அந்தச் சட்டையோடு அவள் ஒருமுறை ஊருக்கு வந்தபோது, பேசினவர்களே பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வடக்கே நோயாளிகளை ஏற்றிப் போன வண்டி பள்ளத்தில் விழுந்ததில் இறந்துவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டி வந்துவிட்டது. வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சில் வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெட்டியோடு கூட வந்த ஒரு பெண் அதிகாரி தலைமாட்டில் நின்றிருந்தாள். ராணுவச் சீருடை, தொப்பி, பளபளவென்று ஷூ. பெயர் ஷைனி. பாலக்காட்டுக்காரி, அவளும் ராணுவ நர்சுதான். அசையாமல் நின்றாள். உடன் வருகிற அதிகாரி அப்படித்தான் நிற்க வேண்டும் என்பதால் யாரும் அவளைத் தனியாகக் கவனிக்கவில்லை.

நான் வழக்கம்போல அம்மாவைத் தேடிப் போனேன். அஞ்சம்மாள் அக்கா பெட்டியின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நான் ஆபீஸ்லேருந்து வர்றேன். உங்ககூடயே இருப்பேன். அடுத்து..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்:

"என்கிட்ட இருக்காத. எனக்கு ஊரே இருக்கு. அந்தப் புள்ளகிட்ட போய் இரு."

கண்ணால் ஷைனியைக் காட்டினார்.

எனக்கு உடனே புரியவில்லை. "அவங்க ஆபீசருங்க அக்கா" என்றேன்.

"தெரியும். நீ யார்கூட உக்கார்றதுக்கு வந்திருக்க? அவகூடத்தான் உக்காரணும். யார்கிட்டயும் சொல்லாத."

நான் அந்த வேலையில் எத்தனையோ வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார வேண்டிய ஆள் யார் என்று என்னிடம் ஒரு தாய் சொன்னது அங்கே மட்டும்தான். எழுந்து போய் ஷைனிக்குப் பின்னால், பந்தக்கால் ஓரமாக நின்றேன். கிட்டத்தில் போன பிறகுதான் தெரிந்தது, அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். தலையை மட்டும் ஆட்டினாள். "அம்மாதான் அனுப்பினாங்க" என்றேன். அவள் திரும்பி அஞ்சம்மாள் அக்காவைப் பார்த்தாள். அப்புறம் தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வளர்மதியின் சித்தப்பா கோவிந்தராசு கொல்லையிலிருந்து ஒரு வாழைக்கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கூட இருந்த ஒரு கிழவர் கையில் தாம்பாளம், அதில் மஞ்சள் கயிறு.

ஷைனி முன்னால் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள். தமிழ் நன்றாகத்தான் பேசுவாள், கொஞ்சம் மலையாள இழுப்பு இருக்கும். "அக்கா, அது எதுக்கு?"

எப்படிச் சொல்வது? அடுத்து என்ன நடக்கும் என்று சொல்வதுதான் என் வேலை. சொன்னேன். எங்கள் பக்கம் சில குடும்பங்களில் கல்யாணம் ஆகாமல் பெண் இறந்தால், கன்னியாகப் போகக் கூடாது என்று வாழைக்கன்றை மாப்பிள்ளையாக வைத்துத் தாலி கட்டித்தான் எடுப்பார்கள். பெட்டியைத் திறக்க முடியாததால் அந்தக் கயிற்றைப் பெட்டியில் கட்டுவார்கள்.

அவள் வாழைக்கன்றைப் பார்த்தாள். "வளருக்கா?" என்றாள். அப்புறம், "வேண்டாம்னு சொல்றதுக்கு நான் யாரு?" என்றாள். அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அதற்குள் அஞ்சம்மாள் அக்கா எழுந்துவிட்டார்.

"கோவிந்து, அது வேணாம். எடுத்துட்டுப் போ."

"என்ன அண்ணி பேசறீங்க? கன்னியா போனா குடும்பத்துக்கு ஆகாது. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு."

"உன் பொண்ணுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வேணாம்னா வேணாம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"அவ கன்னியா..." என்று ஆரம்பித்துவிட்டு அக்கா நிறுத்தினார். ஒப்பாரி நின்றுபோனது. தெருவே அவர் வாயைப் பார்த்தது. அவர் ஷைனியைப் பார்த்தார். ஷைனி லேசாக, தொப்பிகூட அசையாமல், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் இது பிற்பாடு மேடம் சொல்லித்தான் சரியாகத் தெரியும். பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். ஆனால் படைக்குத் தனிச் சட்டம். அங்கே தான் இப்படி என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வேலையில் இருக்க முடியாது. பெண் என்று சொல்லிக்கொண்டு சீருடை போடலாம், இதைச் சொல்லிக்கொண்டு போட முடியாது. அன்று அந்தப் பந்தலில் ஜவான்களும் அவர்கள் அதிகாரியும் நின்றிருந்தார்கள். அஞ்சம்மாள் அக்கா அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் ஷைனியின் வேலை போயிருக்கும். முடிக்காவிட்டால் அவள் கண் முன்னாலேயே வளர்மதிக்கு வாழைக்கன்றைப் புருஷனாக்குவார்கள், அதை அவள் விறைப்பாக நின்று பார்த்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தத் தாய் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

நான் சுபேதார் ஐயாவிடம் போனேன். அவர் சுவரோரம் மலர்வளையத்துக்கு நிழல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்த வாழை வேண்டாம்ங்க."

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமலே போய்விட்டேன். அவர் கேட்கவில்லை. தாயைப் பார்த்தார். தலைமாட்டில் நிற்கிறவளைப் பார்த்தார். அப்புறம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கோவிந்தராசு பக்கத்தில் போனார்.

"மன்னிக்கணும்ங்க. கொடி போர்த்தின பெட்டி மேல எதுவும் கட்டக் கூடாது. மாலைகூட கால்மாட்டுலதான் வெக்கணும்."

"ரெண்டு நிமிஷம் கொடிய எடுத்துடுவோம் சார். கட்டிட்டுத் திருப்பிப் போத்திக்கலாம்."

"எடுத்த கொடியத் திருப்பிப் போத்தக் கூடாதுங்க. எடுத்தா அதோட மரியாதை முடிஞ்சுது. துப்பாக்கியும் கிடையாது, பிகிலும் கிடையாது. இவங்க வண்டியில ஏறிப் போயிடுவாங்க. பரவாயில்லையா?"

கூட்டத்தில் ஒருத்தர் சொன்னார்: "ஏம்ப்பா கோவிந்து, நம்ம ஊருக்கு மொத தடவ துப்பாக்கி சுடறாங்க. அதக் கெடுத்துடாத."

கோவிந்தராசு வாழைக்கன்றைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினார். ஜவான்களின் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. என்ன பேச்சு என்று ஐயாவிடம் கேட்டார். "லோக்கல் மேட்டர் சார்" என்றார் ஐயா.

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னாலும் பின்னாலும் ஐயா அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். தெருமுனையில் இறக்கினார்கள். அன்று கொடி மேல் நிறைய அரிசி கிடந்தது, நானும் ஐயாவும் பொறுக்கினோம். ஜவான்கள் மடித்தார்கள். உடன் வந்த அதிகாரி என்பதால் கொடியைத் தாயிடம் கொடுப்பது ஷைனியின் வேலையாகவே இருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வந்து அக்கா முன்னால் நின்றாள். அக்கா வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதை மார்போடு சேர்த்துக்கொள்வார் என்று நினைத்தேன், எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் செய்வார்கள். அவர் அப்படியே திரும்ப ஷைனி கையில் வைத்தார்.

"எனக்குக் கை நடுங்குது. நீ வாங்கிக்க. கடைசி வரைக்கும் கூடப் போயிட்டு வா."

சுற்றி நின்றவர்களுக்கு, பாவம் வயசானவள், தூக்க முடியாமல் கொடுக்கிறாள் என்றுதான் தோன்றியிருக்கும். அவர் கை நடுங்கவே இல்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆயுசெல்லாம் நடவுக்கு நாற்று முடிக்கட்டு தூக்கிய கை.

ஷைனி பெட்டிக்குப் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தாள். கோவிந்தராசு குறுக்கே வந்தார்.

"அண்ணி, பொம்பள சுடுகாட்டுக்கு வர்ற வழக்கம் இல்ல."

அக்கா பதில் சொல்வதற்குள் ஐயா சொன்னார்: "அவங்க பொம்பளையா வரலீங்க. மேஜரா வர்றாங்க."

கூட்டத்தில் இருந்த ஒரு கிழவர், "மேஜர்னா போவலாம். அது சர்க்காரு" என்று வழிவிட்டார்.

பெட்டிக்கு நேர் பின்னால், கொள்ளி போடுகிறவருக்குப் பக்கத்தில், கொடியை ஏந்திக்கொண்டு அவள் நடந்தாள். புருஷன் நடக்கிற இடம் அது. சீருடை இல்லாமல் புடவையில் வந்திருந்தால் தெருமுனையோடு நிறுத்தியிருப்பார்கள். தன்னை யாரென்று சொல்லவிடாத அதே சீருடைதான் அவளை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டும் போனது.

"அந்தப் புள்ளகிட்ட போய் இரு" என்று அக்கா சொல்லியிருந்தாரே. நான் என்ன செய்வது? மலர்வளையம் வைக்கும் கம்பி என் கையில் இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் போய்விட்டேன். ஆபீஸ் ஆள் என்று யாரும் தடுக்கவில்லை. ஆற்றங்கரை ஓரம், நாணல், தகரக் கொட்டகை, பக்கத்தில் உளுந்து வயல். ஆயுசில் முதல் தடவையாகச் சுடுகாட்டுக்குள் நின்றேன். எங்கள் ஊரிலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி மரியாதைக்குப் பிகில் ஊதும்போது ஷைனியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இரண்டு கையிலும் கொடி. துடைக்க முடியவில்லை. நான் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜவானிடம் "வெயிலு, வேர்க்குது" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சொல்லிவைத்தேன்.

"இப்ப சுடுவாங்க" என்றேன் அவளிடம்.

"தெரியும் அக்கா" என்றாள். ராணுவத்தில் இருப்பவளுக்கு அது தெரியாதா? ஆனால் சத்தம் வந்தபோது என் தோளில் சாய்ந்துவிட்டு நிமிர்ந்தாள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் ஐயா வழக்கம்போலக் கேட்டார்.

"சரியான கைக்குப் போச்சா, சரோஜாம்மா?"

"போச்சுங்க ஐயா."

"சரி" என்றார். அன்றைக்கு மட்டும் கொஞ்ச தூரம் போனதும், "வாழைக்கன்னு நல்ல கன்னு. வீணாக்காம வெச்சாங்கன்னா சரி" என்றார். ஐயா இப்போது இல்லை. அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்று நான் கேட்டதே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் கழித்து, ஓய்வூதிய வேலையாக நான் மட்டும் பஸ்சில் அந்த ஊருக்குப் போனேன். சாப்பிட உட்கார வைத்து அக்கா சொன்னார். ஒரு பொங்கலுக்கு இரண்டு பேரும் லீவில் வந்திருந்தார்களாம்.

"வளர்தான் சொல்லிச்சு. 'அம்மா, எனக்கு இவதான். ஒன்கிட்ட மட்டும் சொல்லிடறேன், வேற எங்கயும் சொல்ல முடியாது'ன்னு. அன்னிக்குப் பூரா நான் பேசல. சோறும் ஆக்கல. மறுநாள் விடியக்காலம் கதிர் அறுக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா அந்தப் புள்ள அடுப்புல ஊதிக்கிட்டு உக்காந்திருக்கு. கண்ணெல்லாம் செவப்பு, மூஞ்சியெல்லாம் கரி. பட்டாளத்து ஆபீசரு, ஒரு வெறகு பத்த வெக்கத் தெரியல. சிரிச்சுட்டேன். தள்ளுடின்னு சொல்லிட்டு நான் பத்த வெச்சேன். மூணு பேருமாத்தான் சாப்ட்டோம். அவ்வளவுதான் சரோஜா. வேற ஒண்ணும் எனக்குப் பேசத் தெரியல."

"அன்னிக்குத் தெருவுல சொல்லிடப் பாத்தீங்களே" என்றேன்.

"வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஒருத்தி போயிட்டா, இன்னொருத்தி பொழப்பையும் நானே கெடுக்கவான்னு முழுங்கிட்டேன். இன்னமும் தொண்டையிலதான் நிக்குது."

இதுதான் நான் சொல்ல வந்தது. கொடி யாருக்கு என்றால், படையில் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த பெயருக்குத்தான் கொடுப்பார்கள். அதற்கு மேலே அது போக வேண்டிய இடத்துக்குப் போவது, தெருமுனையில் யார் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மைதானத்தில் அந்தப் பெண் எதற்காகக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அவளை யாரும் கேட்கவும் வேண்டாம்.

மேடம், அச்சில் போடுவதற்கு முன்னால் சிலதை நீங்கள் சரிபார்க்க வேண்டும். ஐயா சொன்ன கொடி விதி உண்மையிலேயே உண்டா என்று பாருங்கள். இல்லை என்றாலும் அவர் சொன்னதை மாற்றாதீர்கள், விதி இல்லை என்று கீழே போட்டுவிடுங்கள். ஷைனி அப்போது மேஜரா, கேப்டனா என்பதும் எனக்குச் சந்தேகம். தோளில் இருக்கும் நட்சத்திரக் கணக்கு எனக்குத் தெரியாது. ஐயா அன்று ஒரு படி ஏற்றிச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பார்.

அஞ்சம்மாள் அக்கா, ஷைனி இரண்டு பேரிடமும் ஒருமுறை முழுசாகப் படித்துக் காட்டிக் கேளுங்கள். ஷைனி சேவைக்காலம் முடிந்து வந்துவிட்டாள், இனிமேல் சொன்னால் பிடுங்குவதற்கு வேலை இல்லை. ஆனாலும் அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் வரியை அடித்துவிடுங்கள். மொத்தமும் வேண்டாம் என்றால் கிழித்துவிடுங்கள். ஷைனி கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், சாயந்திரம் பஸ்சில் திரும்பிவிடுவாள். வலங்கைமானில் இறங்கி, நான் தனித்தாளில் எழுதியிருக்கும் ஊர் பெயரைச் சொல்லி, நர்சம்மா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். கொல்லையில் அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு வாழைக்கூட்டம் நிற்கும், அதுதான் அடையாளம். இரண்டு பேரையும் பார்க்க இரண்டு இடத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஒரே வீடுதான்.